கூலி வாங்காத பாவாடை

பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது நாங்கள் எடுத்துக்கொண்டு ஓடிவந்தது ஒரு கைமெஷின், ஒரு கத்தரிக்கோல், என் கல்யாணச் சேலை. மெஷினை என் கணவர் தலையில் சுமந்தார். சேலையை நான் வயிற்றோடு சுற்றிக்கொண்டேன். படகில் கரை தாண்டி, கிடைத்த மாட்டுவண்டியில் ஏறி, வண்டி நின்ற இடத்திலிருந்து நடந்து, கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கணக்கெழுதும் கிராணியாராக இருந்தவருக்கு என் கணவர் எப்போதோ ஒரு கல்யாணக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் கோட்டை நம்பித்தான் வந்தோம்.

கிராணியார் கோட்டை மறக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி அறையைத் திறந்துவிட்டார். "இருந்துக்குங்க. சோத்துக்கு நீங்கதான் வழி பாத்துக்கணும்" என்றார். சோறு என்று அவர் சொன்னது மரவள்ளிக்கிழங்கை. அரிசியை அப்போதே ஆட்கள் கனவில்தான் களைந்துகொண்டிருந்தார்கள்.

மழை பெய்தால் இன்றும் எனக்கு அந்த அறைதான். தகரத்தில் மழை நெருக்கமாகத் தையல் போடும். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கையில் தைக்க ஒன்றும் இருக்காது.

துணி இல்லாத காலம் என்று சொன்னால் இப்போது உள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். துணி எப்படி இல்லாமல் போகும்? போனது. கடையில் இல்லை, கப்பலில் இல்லை, கப்பலே இல்லை. கித்தா என்கிற ரப்பர் மரத்துக்குப் போகிற பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரே சேலையை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி உடுத்தினார்கள். ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். நூல்கூடக் கிடையாது. அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத் திரித்து அதைத்தான் ஊசியில் கோத்தோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மெஷின் இருந்தால் கூட்டம் அலைமோத வேண்டாமா? ஒருவரும் வரவில்லை. கிழிந்ததைக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் பினாங்குக்காரர்கள். வெளியாட்கள். கிழிந்த துணியை வெளியாளிடம் காட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. மானத்தை விரித்துக் காட்டுவதுபோல அது.

என் கணவருக்கு ஒரு கொள்கை உண்டு. பினாங்கில் அவர் வேலை பார்த்த தையல்கடையின் சீன முதலாளியிடம், அந்தத் தவுக்கேயிடம் கற்றது.

"எங்க தவுக்கே என்ன செய்வாரு தெரியுமா? பேண்டு வாசிக்கிறவனுக்கு முதல் கோட்டு சும்மா. அவன் ஊருல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் அதப் போட்டுக்கிட்டு முன்னால போவான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் எல்லாம் அடுத்த வாரம் நம்ம கடையில. கண்ணு விழுற உடம்புக்கு முதல்ல தைக்கணும்டி. நட்டப்பட்டுத் தைக்கணும்."

"நட்டப்பட நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஒழப்பு இருக்குல்ல."

கண் விழுகிற உடம்பு என்று அவர் தேர்ந்தெடுத்தது கிராணியார் மனைவியை. அந்தம்மாவிடம் துணி இருந்தது. அழகாக ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தோம், கூலி இல்லாமல். அவை நேரே பெட்டிக்குள் போயின. சாக்கு கட்டிய பெண்கள் நடுவே புது ரவிக்கையோடு நடக்க அந்தம்மாவுக்குக் கூச்சம், கூச்சமோ பயமோ. அப்புறம் அக்காளுடையது, நாத்தனாருடையது என்று பழந்துணி மூட்டையாக வந்தது, அதுவும் சும்மாதான். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோருக்கும் ஒரு சட்டை தைத்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவின் திரைச்சீலை அது. பெரிய பெரிய சிவப்புப் பூ. மண்டோர் அதைப் போட்டுக்கொண்டு காலையில் பெரட்டில் நின்று ஆள் எண்ணுவார். கண் எல்லாம் விழத்தான் செய்தது. அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை.

"ஒங்க பேண்டு சரியா வாசிக்கலையே" என்றேன்.

"நீதான் வாசிச்சுக் காட்டேன்" என்றார். கோபித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

கண்ணைப் பற்றி யோசிப்பதை விட்டேன். இந்தத் தோட்டத்தில் வாய்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தேன். பொழுது விடியுமுன் ஒவ்வொரு தாயும் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இடத்துக்குப் போகிறாள். மரப்பட்டையை வெட்டி, பால் எடுத்து, மறுபடி அங்கேதான் வருகிறாள். ஆயாக் கொட்டகை. அங்கே பிள்ளை பார்க்கிற ஆயா ஒருத்தி. கணவர் இறந்துபோனவர். லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து அவரிடம்தான் வந்து இறங்கும். அவர் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கும். மூக்கைச் சுளித்தால் முடிந்தது.

போய்ப் பார்த்தேன். வரிசையாகத் தொட்டில்கள், சாக்கில் கட்டிய ஏணைகள். சாக்கு நார் குத்தி, பிள்ளைகளின் முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"அக்கா, இந்த ஏணைக்கு எல்லாம் உள்பக்கம் மெத்துனு துணி வச்சுத் தச்சுத் தரேன்" என்றேன்.

அவர் ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டு விரலைச் சுவரில் துடைத்தார். "கூலி?"

"வேணாம்."

"சும்மாவா? சும்மா குடுக்கிறவங்கள கண்டா எனக்குப் பயம்லா. ஜப்பான்காரன்கூட முதல்ல மிட்டாய்தான் குடுத்தான்."

"நான் மிட்டாய் குடுக்கல அக்கா. பழந்துணிதான் குடுக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஓர் ஏணையை அவிழ்த்து என் கையில் போட்டார். கிராணி வீட்டுப் பழந்துணி மூட்டை அன்றைக்குத்தான் உருப்படியான வேலைக்குப் போனது. எல்லா ஏணைக்கும் உள்துணி வைத்தேன். அதற்கு அடுத்தடுத்த நாட்களில் மத்தியானம் பிள்ளையைத் தூக்குகிற தாய்மார் முதுகைத் தடவிப் பார்த்தார்கள். யார் தைத்தது என்று கேட்டார்கள். ஆயாம்மா என்ன சொன்னாரோ தெரியாது. எங்கள் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள், பிறகு ஒருத்தி, பிறகு எப்போதும் யாராவது ஒருத்தி. கிழங்கு வந்தது, கீரை வந்தது, முட்டை வந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என் கணவர் நாரைத் திரித்தபடி, "சரி, நீ வாசிச்சுட்டே" என்றார்.

சாப்பாடு கிடைத்தது. ஆனாலும் நாங்கள் பினாங்குக்காரர்கள்தான். கிழங்கை வைத்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் உட்கார்ந்து பசியாறவில்லை. யாரும் எங்களைப் பசியாறியாச்சா என்று கேட்கவும் இல்லை.

அந்தச் சமயம்தான் ஆயாம்மாவின் மகள் வயசுக்கு வந்தாள்.

தாய்மாமன் வரவேண்டும். ஓலை வெட்டிக் குச்சு கட்ட, தட்டில் பாவாடை சட்டை வைத்துச் சீர் கொண்டுவர மாமன்தான் வேண்டும். ஆயாம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் இந்தியாவில், கடலுக்கு அந்தப் பக்கம். சாக்கைக் கட்டி மகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று ஆயாம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. இரக்கம் தோன்றியது. கூடவே, லயமே கூடிப் பார்க்கப்போகிற உடம்பு அது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நூலில் திரிந்தவை. எது எந்த இழை என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

என் கல்யாணச் சேலையை வெட்டினேன். அரக்குச் சிவப்புச் சேலை. கரையைக் கீழே கொடுத்து ஒரு பாவாடை, உடல் துணியில் ஒரு சட்டை, மிச்சத்தில் ஒரு தாவணி. சடங்கு நாளன்று காலையில் எனக்குத் தூரம் வந்துவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் நான் போகமுடியாது.

"நீங்க கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க" என்றேன்.

"பொம்பளைங்க கூட்டத்துல நானா?"

"வாசல்ல குடுங்க. வாங்கிக்குவாங்க."

வெறுங்கையில் கொடுப்பது நன்றாக இராது என்று நான்தான் தட்டில் வைத்தேன். நான்தான் ஒரு துண்டு மஞ்சளும் நாலு பூவும் மேலே வைத்தேன். அவர் சின்ன வயசிலிருந்தே கடையில் வளர்ந்த ஆள், அக்கா தங்கை கிடையாது. சடங்கு வீட்டு வாசலில் ஓர் ஆண்பிள்ளை தட்டோடு வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் அறைக்குள் உட்கார்ந்து மஞ்சளையும் பூவையும் பற்றி யோசிக்காமல் இருந்தேன்.

குலவைச் சத்தம் எங்கள் அறைவரைக்கும் கேட்டது.

"மாமன் வந்தாச்சுடி!" என்று யாரோ கத்தினார்களாம். "என்ன ஆளுங்களோ?" என்று ஒரு கிழவி இழுத்தாளாம். "கப்பலே ஓடல. சாதிக்கு எங்க போறது?" என்று ஆயாம்மா ஒரே அதட்டாக அதட்டினாராம். பிறகு இவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மகள் முன்னால் நிறுத்தி, மாலையைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இவர் போட்டிருக்கிறார்.

திரும்பி வந்தவரின் நெற்றி முழுக்கச் சந்தனம். "ஏன்டி, எனக்கு அக்கா கெடைச்சிருக்காங்க" என்றார். முகத்தில் ஒரு திகைப்பு. அதற்கு அடியில் அவர் மறைக்கப் பார்த்த ஒரு சந்தோஷம்.

அடுத்த நாளிலிருந்து பெண்கள் எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஆயாம்மாவின் மகனுக்கு மீசை அரும்பிய வயசு, ரப்பர் பால் ஸ்டோரில் வேலை. அவன் என்னை அத்தை என்றான். பசியாறியாச்சா அத்தை?

ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடவாம். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. கரங்கானிலிருந்து ஒரு லாரி, புக்கிட் செலம்பாவிலிருந்து ஒரு லாரி என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் தோட்டத்தில் முதல் தடவை, சொந்தபந்தம் இல்லாத வெளியாட்களைப் பிடித்தார்கள். மண்டோர் எங்கள் வாசலுக்கும் வந்தார். ஆயாம்மா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்து குறுக்கே நின்றார்.

"இது எந்தம்பி வீடு. எம்மவளுக்கு மாமன். வெளியாளு தேடுறதுன்னா வேற எடம் பாரு."

மண்டோர் போய்விட்டார். அன்றைக்கு நான் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு சேலையை வெட்டிப் புருஷனை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இதைவிட லாபமான நட்டம் உண்டா?

இரண்டாம் தடவை வேறு சட்டம். பெரட்டில், அதே சிவப்புப் பூச் சட்டையோடு, மண்டோர் சொன்னார். "ரெண்டு ஆம்பள உள்ள வீட்டுல ஒருத்தன் போவணும். நான் சொல்லல, அவன் சொல்றான்." வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஆயாம்மாவிடம் நின்றார். "ஒங்க வீட்டுல மகன் ஒன்னு, தம்பி ஒன்னு."

"தம்பி தனி வீடுலா!" என்றார் ஆயாம்மா.

"தனி வீடுன்னா வெளியாளு. வெளியாளுன்னா போன தடவையே லாரியில ஏறியிருக்கணும். சொந்தம்னா ஒரே வீடு. எதுன்னு நீங்களே பேசி நாளைக்குச் சொல்லுங்க. நான் ரெண்டு பேரையும் ஏத்தினேன்னு கெட்ட பேரு எனக்கு வேணாம்."

மண்டோர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்று சாயங்காலம், குழாயடியில் பெண்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்த நேரம், ஆயாம்மா ஒரு கோழியோடு வந்தார். கால் கட்டிய கோழி. எங்கள் வாசல் கம்பத்தில் அதைக் கட்டினார். குழாயடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாவாடை தச்ச கூலி. இத்தனை நாளா மறந்திட்டேன். வாங்கிக்க."

என்னைப் பார்க்கவில்லை. கோழியைப் பார்த்துச் சொன்னார். கூலியை வாங்கிவிட்டால் அது தையல்காரன் கொண்டுவந்து கொடுத்த துணி. சீர் இல்லை. சீர் இல்லை என்றால் மாமன் இல்லை. ஆயாம்மா வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன்தான். எங்கள் வீட்டில் ஒரு வெளியாள்.

குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. யாரும் நகர்த்தவில்லை.

"அக்கா" என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தால் கோழியோடு சேவலையும் கொண்டுவந்திருப்பேன். அவருக்கு ஒரே மகன்.

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா. கோழியைச் சுற்றி வந்து ஆள் அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

"நல்ல கோழியா இருக்கே. எதுக்குக்கா?"

"கூலிக்கு."

"எதுக்குக் கூலி?"

"பாவாடைக்கு. சொன்னேன்ல."

"மாமன் சீருக்கு எந்த ஊருலக்கா கூலி? பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா ஊரு கேக்காதா, மாமனுக்குக் கோழி குடுத்து அனுப்பின கதைய?" குனிந்து கட்டை அவிழ்த்தார். கோழி தன் வீட்டுப் பக்கம் பார்த்து ஓடியது. "பெரட்டுல நான் நிக்கிறேன். எம் மருமவன வேலைக்குப் போவச் சொல்லுங்க."

ஆயாம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "பாவி. தம்பின்னு சொல்லிட்டுப் போறியே. நான் வெட்டிவிட வந்தேனே, விடமாட்டேங்கிறியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஒப்பாரி வைத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே வந்து நான் என் கணவரைப் பிடித்து உலுக்கினேன். "ஓடிப்போவலாம். காட்டுக்குள்ள போவலாம்."

"நான் ஓடினா அந்தப் பையனை ஏத்துவான்."

"அப்போ கோழியை வாங்கியிருக்கக் கூடாதா? அவங்களே அறுத்துவிட்டாங்களே!"

"வாங்கினாலும் நான்தான் போறேன், வாங்காட்டியும் நான்தான் போறேன். புரியலையா ஒனக்கு?" நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து என் கழுத்தில் போட்டார். "வெளியாளா போனேன்னா நீ வெளியாளு பொண்டாட்டியா இங்க தனியா கெடப்ப. மாமனா போனா இந்த லயமே ஒனக்குச் சொந்தம். கணக்குப் பாத்துத்தான் செய்றேன். தவுக்கேகிட்ட வேலை பாத்தவன்டி நான்."

சிரித்தார். அவருக்குச் சிரிப்பு எப்போதுமே கொஞ்சம் கோணல்.

லாரி போனது. அவர் கணக்குத் தப்பவில்லை. என் அறையில் நான் தனியாகத் தூங்கியதே இல்லை. ஆயாம்மாவின் மகள் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வந்தது, அரிசிக் கஞ்சி. எங்கிருந்து அரிசி என்று நான் கேட்கவில்லை. ஆனால் நான் அந்தக் கணக்குக்குச் சம்மதித்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சில நாள் அவர்மேல் அப்படி ஒரு கோபம் வரும். லயமே எனக்குச் சொந்தமாக இருந்து நான் என்ன செய்ய? எனக்கு ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

சண்டை முடிந்து, போனவர்களில் கொஞ்சம் பேர் எலும்பாகத் திரும்பினார்கள். அவர் வரவில்லை. அவரைப் பார்த்ததாகவோ புதைத்ததாகவோ சொல்ல ஒருவரும் இல்லை. பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று லயத்தில் பேச்சு எழுந்தபோது ஆயாம்மா ஒரே வார்த்தையில் நிறுத்தினார். மகள் கல்யாணத்தில் மாமன் தட்டு யார் தூக்குவது என்று கேள்வி வந்தது. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருத்தி நல்ல காரியத்தில் தட்டு தூக்கலாமா? "எந்தம்பி வர்ற வரைக்கும் அவன் பொண்டாட்டிதான் தூக்குவா. முகம் சுளிக்கிறவங்க பந்தியில ஒக்கார வேணாம்" என்றார். தூக்கினேன். குலவையிட்டார்கள். அந்த அரக்குப் பாவாடையை மகள் பெட்டியில் வைத்திருந்தாள்.

இப்போது சுங்கைப்பட்டாணியில் எனக்கு ஒரு சிறிய தையல்கடை. நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது, நாடாவும் இருக்கிறது. முதல் துணியை யாருக்குச் சும்மா தைப்பது என்று கணக்குப் போடுகிற புத்தி இன்னும் போகவில்லை. புதிதாக ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றால், இவள் பத்துப் பேரைக் கூட்டி வருவாளா என்று மனம் உடனே அளவெடுக்கிறது. பிறகு அந்த மனத்தைப் பார்த்து நானே பயப்படுகிறேன். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன விலை கேட்பார்கள் என்பது கொடுக்கும்போது தெரிவதில்லையே.

போன வாரம் ஆயாம்மாவின் மகன் வந்தான். தொப்பை விழுந்துவிட்டது, காதோரம் நரை. என் கணவர் போன வயசையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து துணியை மேசைமேல் வைத்தான். தங்கை மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். இவன்தான் தாய்மாமன்.

"பாவாடை சட்டை தைக்கணும் அத்தை. கூலி எவ்வளவு?"

"ஒங்கம்மாவக் கேளு."

"கேட்டேனே. செருப்பைத் தூக்கிட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் வெளியே போய், மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய பையை எடுத்துவந்தான். உள்ளே ஒரு கோழி. எங்கேயோ பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவன்போலச் சொன்னான்.

"கூலி இல்லையாம். அத முதல்ல சொல்லிட்டுத்தான் பையத் தொறக்கணுமாம். தம்பி வீட்டுக்கு அக்கா குடுத்துவிட்டதாம்."

கோழியின் காலைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டேன். இந்தக் கோழி எங்கேயும் ஓடவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சரி, பொண்ணு அளவைச் சொல்லு" என்றேன்.